தீத்துளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி

1863 நவம்பர் 16, திங்கள்

மஞ்சள் வெண்கலத்தில் ஒரு சாம்பல் புள்ளி. பட்டாணி அளவு. ஏதோ பூச்சி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை.

மதிய மணி அடித்ததும் மற்ற பெண்கள் சாப்பாட்டு அறைக்கு ஓடினார்கள். நான் வழக்கம்போல் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஆயுதசாலை முற்றத்துச் சுவரோரம் போனேன். அங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. நானும் பேச வேண்டியதில்லை. இன்று என் இடத்தில் நான்கு பீரங்கிகள் நின்றிருந்தன. போன வாரம் ஆற்றங்கரைச் சண்டையில் தெற்கத்திக் கலகக்காரர்களிடமிருந்து நம் படை பிடித்தவையாம். சக்கரங்களில் வர்ஜீனியாவின் சிவப்புச் சேறு இன்னும் காயவில்லை.

இந்த முற்றத்தில் பீரங்கிக்குப் பஞ்சமா? நம்முடையது, அவர்களுடையது, மெக்சிகோ சண்டைக்குப் போய் வந்தது, இங்கிலாந்திலிருந்து கள்ளத்தனமாகக் கப்பலேறி வந்தது. சக்கரம் கழற்றிய குழாய்கள் பலகைமேல் பன்றிகளைப்போல் வரிசையாகப் படுத்திருக்கும். பதினான்கு மாதமாக நான் இவற்றுக்கு வெடிமருந்துப் பை கட்டுகிறேன். இவற்றின் வயிற்றுக்குத் தீனி கட்டுகிறவள் நான். ஆனாலும் பக்கத்தில் போனால் குரல் தானாக இறங்கிவிடுகிறது, கோயில் மணிக்குக் கீழே நிற்பதுபோல. (எனக்கு இறங்குவதற்குக் குரல் எங்கே இருக்கிறது என்பாள் என்னோடு பை கட்டுகிற சபைனா.)

நான்கும் ஒரே அச்சு. ஒன்றில் மட்டும்தான் அந்தப் புள்ளி. சுடும்போது நெருப்பு இறங்குகிற தீத்துளை பின்பக்கம் மேலே இருக்கும் அல்லவா, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

நவம்பர் 17

அந்த நான்கோடு பிடிபட்ட மருந்துப் பெட்டிகளை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்து, நனையாத மருந்தைத் தனியே எடுக்க வேண்டும். மேல்தட்டுப் பைகள் கலகக்காரர்கள் கட்டியவை. யார் வீட்டுத் திரைச்சீலையோ, பூப்போட்ட துணி. அடித்தட்டில் இருந்தவை நம் கம்பளித் துணிப் பைகள். வசந்தத்தில் நம் பீரங்கிகளைப் பிடித்தபோது கூடவே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சபைனா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "ஏய் வின்னி, இது உன் முடிச்சுடி! பூனைக்காது! பாருங்கடி, நம்ம ஊமைக்குயில் கலகக்காரனுக்கும் சீர் அனுப்பியிருக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடிச்சு என்னுடையதுதான். அப்படிக் கட்ட எனக்குத் தூண்டில் நரம்பில் சொல்லிக் கொடுத்தவன் அண்ணன் பார்ட்லி. இந்தப் பை இங்கிருந்து போய், பிடிபட்டு, அவர்களோடு ஆறு மாதம் ஊர் சுற்றி, மறுபடி பிடிபட்டு, என் கைக்கே வந்திருக்கிறது.

நான் கட்டிய மற்றப் பைகள்?

சுட்டிருப்பார்கள். யார் மேல்?



நவம்பர் 18

அண்ணனுக்கு நடந்ததை இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. எழுதினால் அது நிஜமாகிவிடும்போல் ஒரு பயம். இன்று எழுதத்தான் வேண்டும்.

பார்ட்லி பீரங்கிக் குழுவில் மூன்றாவது ஆள். குண்டை உள்ளே தள்ளி இடிக்கும்போது தீத்துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வது அவன் வேலை. விரலை எடுத்தால் காற்றுப் புகும், உள்ளே கிடக்கும் கங்கு சிவக்கும், புது மருந்து வெடித்து இடிக்கிறவனின் கை போகும். குழாய் கொதிக்கும் என்பதால் விரலுக்குத் தோலுறை உண்டு. அவனுடையதை நான்தான் தைத்தேன். அவன் விரலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, உள்ளே குதிரைமயிர் வைத்து. அளந்த நூல் இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது.

மே மாதம் காட்டுச் சண்டையில் அவன் குழுவின் குதிரைகள் எல்லாம் விழுந்துவிட்டன. பீரங்கியை விட்டுவிட்டு ஓட வேண்டிய நிலை. அப்படி விட்டால், எதிரிக்குப் பயன்படாதபடி தீத்துளையில் எஃகு ஆணியை அடித்து முறித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் மூன்றாவது ஆளின் வேலை. அடித்தேன் என்கிறான் பார்ட்லி. ஆணிப் பை கிடைக்கவில்லையாம். லாடக்காரரின் மெல்லிய வட்ட அரத்தை இறக்கி, முறித்து, கைப்பிடித் துண்டோடு வந்தேன் என்கிறான். பார்த்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள்.

ஆகஸ்டில் பிடிபட்ட ஒரு கலகக்காரக் கைதி சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "உங்க அறுபத்தொண்ணாம் நம்பர் எங்ககிட்ட நல்லாப் பாடுது!"

அவ்வளவுதான். பீரங்கி சுடுகிறது என்றால் அதில் ஆணி அடிக்கவில்லை. ஆணி அடிக்கவில்லை என்றால் பார்ட்லி பயந்து ஓடியவன். செப்டம்பரிலிருந்து காவலில் இருக்கிறான். டிசம்பர் முதல் வாரம் ராணுவ விசாரணை. தலையை மொட்டையடித்து, கழுத்தில் 'கோழை' என்று பலகை மாட்டி, முரசு அடித்து நடத்திப் போவார்களாம். பிறகு தீவுச் சிறையில் கல்லுடைக்க அனுப்புவார்கள். சுட்டுவிடவும் சட்டம் இருக்கிறது என்று சபைனாவின் மாமா சொன்னார். அம்மா அப்போது துணி பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

இன்று மதியம் அந்தப் பீரங்கியின் முன்பக்கம் போய்க் குனிந்தேன். வாயைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பொறித்திருக்கிறது. வார்த்த வருடம். எடை. சோதித்தவரின் பெயரெழுத்துகள். எண்.

61.

 சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் சுண்ணாம்புக் குறியைப் பார்த்தேன். வட்டம் போட்டிருந்தால் மறுபடி சண்டைக்கு. குறுக்குப் போட்டிருந்தால் உலைக்கு. மற்ற மூன்றிலும் வட்டம். அறுபத்தொன்றில் குறுக்கு. குறுக்குப் போட்டவை எல்லாம் திங்கட்கிழமைப் படகில் போகின்றன.

நவம்பர் 19

பேசினேன்! நானாகப் போய்ப் பேசினேன்.

சுண்ணாம்புக் குறி போடுகிறவர் பெயர் ஷாட்ரக் பெய்ன். முப்பது வயதிருக்கும். ஆகஸ்டில் ரிச்மண்டிலிருந்து தப்பி வந்தவர், அதுவரை அடிமை. லெப்டினண்ட் ஹாலிஸ்டர் குழாய்க்குள் விளக்கு விட்டுப் பார்த்து "வட்டம்", "குறுக்கு" என்பார், இவர் போடுவார்.

"மிஸ்டர் பெய்ன்" என்றேன். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"என்னையா மிஸ்?"

"இந்தப் புள்ளி..."

"சத்தமாச் சொல்லுங்க. இதுங்க பக்கத்துலயே வேலை பாத்து எனக்குப் பாதிக் காதுதான்."

விரலால் காட்டினேன்.

"அதுவா? மூக்கடைச்சு வந்துச்சு. பக்கத்துல வேற மூக்கு குத்திவிட்டோம்."

"விட்டோம்னா...?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரிச்மண்ட்ல, பீரங்கிப் பட்டறையில. பிடிச்சது எல்லாம் எங்ககிட்டத்தான் வரும். நல்லதாப் பாத்துப் பேர் போன குழுவுக்குக் குடுப்பாங்க. அவங்க வச்சிருந்த பழசை அடுத்த குழுவுக்கு. அவங்களோட ஓட்டை ஒடைசல் எங்க உலைக்கு, உருக்கி இதே மாதிரி வார்க்க. ஆணி அடிச்சு வந்தா துளைச்சு எடுப்போம். வரலைன்னா ரெண்டு விரல் தள்ளிப் புதுத் துளை. பழசை ராவி மட்டமாக்கிடுவோம்."

"இதுல ஏன் எடுக்கலை?"

அவர் கட்டைவிரலை நாக்கில் நனைத்துப் புள்ளியைத் தேய்த்தார். பிறகு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். "இது ஆணியே இல்லை மிஸ். அரம். அரத்தைத் துளைக்கப் போனா எங்க உளிதான் உடையும். ஓரத்தப் பாருங்க."

பார்த்தேன். சுற்றிலும் நுணுக்கமான பல், வெள்ளிக்காசின் ஓரம்போல.

ஒரு வருடத்தில் பேசாததை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டேன். பார்ட்லி, காடு, கைதி, டிசம்பர்.  முடித்ததும் அவர் புள்ளியின் மேலேயே கை வைத்துச் சொன்னார்: "அவசரத்துல அடிச்சா கோணலாப் போகும். இது நூல் பிடிச்ச மாதிரி இறங்கியிருக்கு. உங்க அண்ணன் நின்னு அடிச்சிருக்கான்."

நின்று. குதிரைகள் விழ, மரங்கள் எரிய, எல்லாரும் ஓட, அவன் நின்று. என் அண்ணன்! காலையில் காலுறையைத் தேடிக் கட்டிலடியில் தவழ்கிறவன்.

"லெப்டினண்ட்கிட்ட நீங்க சொல்வீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. கலகக்காரனுக்குப் பீரங்கி சரி பண்ணவன்னு எழுதிக்குவாங்க. இங்க நான் வெறும் சுண்ணாம்புக்காரன் மிஸ். அப்படியே இருந்துட்டுப் போறேன்."

போகும்போது திரும்பி நின்றார். "எங்கள விடுவிக்க வர்றவங்க மேல சுடத்தான் இந்தத் துளைன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நிறுத்தினா முதுகுத் தோல் இருக்காது. ஓடி வர்றதுக்கு முன்னால ஒரு வருஷத்துல நாப்பதுக்கு மேல. இது என் கையான்னு மட்டும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை.

நவம்பர் 20

லெப்டினண்ட் அறை வாசலில் நின்றேன். "என்னம்மா?" என்றார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. "யார்கிட்ட வேலை பாக்குற?" என்றார். அதற்கும் வரவில்லை. அவர் கதவைச் சாத்தவில்லை. காகிதத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அது சாத்தியதைவிட மோசம்.

கோழை யார் என்று இப்போது தெரிகிறது.

நவம்பர் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டில் சொன்னேன். அப்பா கால் உடைந்த நாளிலிருந்து (நான் பள்ளியை விட்டதும் அப்போதுதான்) அடுப்போரம்தான் இருக்கிறார். பார்ட்லியின் கடிதங்களைச் செப்டம்பருக்குப் பிறகு அவர் பிரிப்பதில்லை.

"யார் சொன்னா உனக்கு?"

"மிஸ்டர் பெய்ன்."

"எந்த பெய்ன்? தெக்கேயிருந்து ஓடியாந்தானே, அந்தக் கறுப்பனா? அவன்கிட்ட நின்னு பேசினியா, முற்றத்துல, நாலு பேர் பாக்க?"

"நான் கண்ணால பாத்தேன்பா. அரத்தோட பல்லு..."

"அந்த ஓட்டைய வச்சு எந்தக் கோர்ட்டுல ஏறப் போற? நீயா? பால்காரன்கிட்ட அரைப் படி வேணும்னு கேக்க வாய் வராது உனக்கு!"

அது உண்மை. பால் இல்லாமலே எத்தனை நாள் திரும்பி வந்திருக்கிறேன்.

அம்மா மட்டும் என் பக்கம் வந்து, ஈரக் கையோடு, "அவன் நின்னுதான் அடிச்சான்னு அந்த ஆள் சொன்னாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"இன்னொரு தடவை சொல்லு."

நவம்பர் 23, திங்கள்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்று கால் பாரந்தூக்கியை அறுபத்தொன்றுக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். சங்கிலியைச் சுற்றுகிறார்கள். நான் கட்டிக்கொண்டிருந்த பையை முடிச்சுப் போடாமல் வைத்துவிட்டு எழுந்தேன். "மணி அடிக்கலையேடி!" என்று சபைனா கத்தினாள். வேலையறைச் செருப்போடு சேற்றில் ஓடினேன்.

குழாய் சக்கர வண்டியை விட்டு ஒரு முழம் எழுந்துவிட்டது. அவ்வளவு கனம் காற்றில் மெல்லத் திரும்பியது, ஏதோ யோசிப்பதுபோல. அதைப் பார்த்ததும் நான் எதற்கு வந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. பாஸ்டனில் பிறந்து, நமக்காகச் சுட்டு, அவர்களுக்காகச் சுட்டு... யார் சுடும் கயிற்றை இழுத்தாலும் அதே குரலில் பாடியிருக்கிறது. ஒருவனைத் தவிர யாருக்கும் அது அடங்கியதில்லை.

போய்ப் புள்ளிமேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"யாரு அந்தப் பொண்ணு? தள்ளிப் போகச் சொல்லு!"

"இது எங்க அண்ணன்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். லெப்டினண்ட் வந்தார். "என்ன உளர்றே?"

"இது எங்க அண்ணன் அடிச்சது சார். பார்ட்லி டியர்னி. அடிக்கலைன்னு சொல்லி விசாரணை வச்சிருக்காங்க. அடிச்சிருக்கான். இங்க இருக்கு. உருக்கிட்டா இருக்காது."

"அம்மா, ரெண்டு துளை இருக்குன்னு எனக்கும் தெரியும். குழாய் பலம் போச்சு, அதனாலதானே உலைக்கு அனுப்பறேன். யார் எப்ப அடைச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வார்த்த இடத்துலயே தப்பா விழுந்த துளையா இருக்கலாம்."

"அரம் சார்."

"என்ன?"

அவ்வளவுதான் என் குரல். தீர்ந்துவிட்டது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்: "அந்தப் புதுத் துளை ரிச்மண்ட் வேலை சார்." ஷாட்ரக் பெய்ன் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றார். "மே மாசத்துக்கு அப்புறம் போட்டது. மே சண்டையில பிடிச்சதுங்களோட மூக்கடைச்சுத்தான் வந்துச்சு. பழைய துளையில இருக்கிறது அரம். நல்லா ஆழமா இறங்கியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

முற்றத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போட்டதே நாங்கதானே சார்."

 லெப்டினண்ட் பேனாக்கத்தியை எடுத்து, "விரலை எடும்மா" என்றார். இந்தத் தடவை மெதுவாக. சுரண்டினார். பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்ததும் தன் சட்டைக் கையால் குறுக்குக் கோட்டை அழித்தார். நீலச் சட்டை வெள்ளையாகிவிட்டது.

"இறக்குங்கப்பா. இது இன்னிக்குப் போகலை."

மருந்துப் பை அறைக்குத் திரும்பினேன். சபைனா என் செருப்பைப் பார்த்து, "இந்தச் சேத்தோட உள்ள வராதடி, துடைச்சுட்டு வா" என்றாள். தானே துணி எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பர் 26

நன்றி சொல்லும் நாள். சாப்பாட்டு ஜெபத்தில் அப்பா பார்ட்லியின் பெயரைச் சேர்த்தார்.

டிசம்பர் 3

மூன்று நாளாக அறுத்து, பீரங்கியின் பின்பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். அரத்தின் கம்பி வெண்கலத்துக்குள் முழு விரல் நீளம் நேராக இறங்கியிருக்கிறது. கல்லுக்குள் அகப்பட்ட மீன் எலும்புபோல. நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம்.

பார்ட்லி அந்தக் கைப்பிடித் துண்டை இன்னும் வைத்திருக்கிறானாம். முறிந்த இடம் பொருந்தாது, ரிச்மண்டில் ராவிவிட்டார்கள். ஆனால் பருமனும் பல்லும் பொருந்துமா என்று விசாரணையில் பார்ப்பார்கள். துண்டைப் பெட்டியில் வைத்து அனுப்பியாயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் சாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். மிஸ்டர் பெய்ன் பேனாவை வாங்கி ஒரு வட்டம் போட்டார். முற்றத்தில் போடுவாரே, அதே வட்டம்.

"உங்க பேர் எழுதலாமே" என்றேன்.

"எழுத்து தெரியாது மிஸ். இது தெரியும். மறுபடி வேலைக்கு ஆகும்னு அர்த்தம்."

அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு ஆட்கள் மட்டும் அவரோடு சங்கிலி பிடிக்க மறுக்கிறார்கள்.

டிசம்பர் 11

கடிதம் இல்லை.

டிசம்பர் 19

கடிதம் இல்லை. மிச்ச அறுபத்தொன்று இன்றைய படகில் போனது. கரையில் நின்று பார்த்தேன். இனி அது யாரிடமும் பிடிபடாது என்று நினைத்தேன். பிறகு, உருக்கினால் அது வேறு பீரங்கியாகத்தானே வரும் என்றும் நினைத்தேன். எது ஆறுதல் என்று தெரியவில்லை.

டிசம்பர் 25

அம்மா பார்ட்லிக்கும் ஒரு தட்டு வைத்தாள். அப்பா எடுக்கச் சொல்லவில்லை.

1864 ஜனவரி 9, சனி

கடிதத்தை அப்பாவே பிரித்தார். தன் கையால். பிறகு கண் தெரியவில்லை என்று என்னிடம் கொடுத்தார். கண்ணில் ஒன்றும் கோளாறில்லை.

பார்ட்லியின் எழுத்து எப்போதும்போல் நண்டு ஊர்ந்ததுதான்:

"லாடக்காரர் ரெண்டு துண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, 'இது என் அரம்தான், நாசமாப் போறவனே, ஏழு மாசமாத் தேடுறேன்'னு திட்டினார். விசாரணைக்காரங்களே சிரிச்சுட்டாங்க. குற்றம் இல்லைன்னு படிச்சாங்க. கேப்டன் எல்லார் முன்னாலயும் எனக்குக் கை குடுத்தார். நீ சத்தம் போட்டியாமே வின்னி? எவ்வளவு சத்தம்? இங்க யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, நானும்தான். என்னைப் பழைய இடத்துலயே போட்டிருக்காங்க. உறை பழசு காவல்ல காணாமப் போச்சு. புதுசு வேணும். பீரங்கியும் புதுசு."

அம்மா கடைசி வரிகளை மறுபடி படிக்கச் சொல்லவில்லை. எழுந்து போய்த் துணியை நீரில் போட்டாள்.

சாயங்காலம் முற்றத்தில் மிஸ்டர் பெய்னைப் பார்த்துச் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நானும் கிளம்புறேன் மிஸ். தெக்கே கோட்டையில கறுப்பருக்குன்னு ஒரு பீரங்கிக் குழு சேக்கிறாங்க. பேர் குடுத்துட்டேன்."

"எந்த இடத்துல போடுவாங்க?"

"மூணாவது ஆளாக் கேட்டிருக்கேன். துளையப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அங்க யாருக்குத் தெரியும்?"

சிரித்தார். நான் பையிலிருந்து நூலை எடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலை நீட்டினார். சுண்ணாம்பு படிந்த விரல். பார்ட்லியின் விரலைவிடப் பருமன்.

ஜனவரி 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு அப்பாவின் பழைய காலணியைப் பிரித்து, தோலை நனைத்துப் பலகைமேல் விரித்தேன். இரண்டு நூலையும் வைத்து அளந்தேன். இரண்டு உறை வெட்டினேன்.